பாதையில் ஏறவிடாதவர் யார்? மெயில் சேர்வரும் வெளிக் கொமாண்டும்

"நேற்றுப் போனது அண்ணை. இண்டைக்குப் போகுதில்லை. அதே கடிதம்தான்."

கிண்ணியாவிலிருந்து கந்தோர்ப் பொடியன் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். சின்னதொரு சங்கம். உறுப்பினர்களுக்குக் கூட்ட அறிவித்தல் அனுப்புவது அவன் வேலை. திருகோணமலை நகரில் ஓர் அறைக்குள் ஓடும் அவர்களுடைய மெயில் சேர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திரையில் என்ன தெரிகிறது என்று வாசிக்கச் சொன்னேன். "451 டெம்பரரி லோக்கல் ப்ராப்ளம், ப்ளீஸ் ட்ரை லேட்டர்" என்றான். தற்காலிகக் கோளாறாம், பிறகு முயலட்டாம். அந்தச் சேர்வரில் ஓடும் மெயில் மென்பொருளான எக்சிம் தன் வீட்டுச் சண்டையை வெளியாருக்குக் காட்ட விரும்பாதபோது சொல்கிற மரியாதையான வசனம் அது. பிறகு முயன்றாலும் அதே வசனம்தான் வரும்.

சேர்வரின் பதிவேடான லொக்கைத் திறந்தால் சண்டை தெரிந்தது. கடிதம் உள்ளே வரும்போது ஒரு வெளி ஸ்கிரிப்டை அழைக்கும்படி விதி எழுதியிருந்தது. அந்த அழைப்பில் "டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்", அதாவது கொமாண்டுக்குப் பின்னால் வரும் துண்டுகள் அளவுக்கு மீறிவிட்டன. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே மாறியது ஒன்றே ஒன்று: சங்கத்தில் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். 19 பெறுநர் 20 ஆகியிருந்தார்கள்.

லினக்ஸோடு பழகியவர்களுக்கு இந்த மாதிரிப் பிழையைக் கண்டதும் கை தானாகப் போகும் இடம் ஒன்று உண்டு: 'யூலிமிட்' என்ற கொமாண்டைப் போட்டு, ஓடும் நிரலின் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்கின் அளவைக் கூட்டுவது. நானும் கூட்டினேன். சேர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். ஒரு மாற்றமும் இல்லை. மறித்தது யார் என்று கேட்காமலே கதவை உடைக்கப் போனால் அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் தெரு மட்டுமல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான படகுக்கும் அதுதான் பெயர். 2009 இல் பாலம் திறக்கும்வரை நகரிலிருந்து கிண்ணியாவுக்குப் போக அதுதான் வழக்கமான வழி. பாதையில் ஏறவிடாமல் ஒருவரைத் திருப்பி அனுப்ப மூன்று காரணங்கள் இருக்கலாம். நிற்க இடம் முடிந்துவிட்டது என்பது ஒன்று. இடம் இருக்கிறது, ஆனால் மொத்தப் பாரம் தாங்காது என்பது இன்னொன்று. இடமும் உண்டு, பாரமும் பரவாயில்லை, ஆனால் உன் லொறி ஒன்றே பாதையைவிட நீளம் என்பது மூன்றாவது. துறையடியில் நிற்பவனுக்கு மூன்றும் "ஏற முடியாது" என்றுதான் கேட்கும். அதற்குச் செய்ய வேண்டியது மட்டும் மூன்றிலும் வேறு.

மெயில் சேர்வர் வெளிக் கொமாண்டை அழைக்கும்போதும் இதே மூன்றுதான். எண்ணிக்கை வரம்பு, மொத்தப் பைட் வரம்பு, தனித் துண்டு ஒன்றின் வரம்பு. பின்னைய இரண்டும் கேர்னலுடையவை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியுடையவை. முதலாவது பெரும்பாலும் மெயில் சேர்வரே தனக்கு வைத்துக்கொண்டது.

கேர்னலை முதலில் முடித்துவிடலாம். புதிய நிரல் ஒன்றை ஓட வைக்கும் 'எக்ஸெக்-விஇ' அழைப்பு, ஆர்கியுமென்ட்களையும் சூழல் மாறிகளையும் சேர்த்துப் புதிய நிரலின் ஸ்டாக்கில் பிரதி எடுக்கிறது. 2007 இல் வந்த 2.6.23 பதிப்புக்கு முன் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 32 பக்கம், அதாவது 128 கிலோபைட் மட்டுமே. அதற்குப் பிறகு ஸ்டாக் வரம்பின் கால்பங்கு என்று ஆனது. வழக்கமான 8 மெகாபைட் ஸ்டாக்குக்கு 2 மெகாபைட் கிடைக்கும். 'கெட்கான்ஃப்' கொமாண்டிடம் ஆர்க்-மேக்ஸ் எவ்வளவு என்று கேட்டால் 2097152 என்று பதில் வருவது அதனால்தான். ஸ்டாக்கை எவ்வளவு குறைத்தாலும் பழைய 128 கிலோபைட்டுக்குக் கீழே இது இறங்காது. இதற்கு வெளியே இன்னொரு விதி தனியாக நிற்கிறது: ஒற்றை ஆர்கியுமென்ட் எதுவும் 131072 பைட்டைத் தாண்டக் கூடாது. ஸ்டாக்கை எவ்வளவு கூட்டினாலும் இது அசையாது. நீளமான லொறியின் கதை இதுதான். இரண்டில் எதை மீறினாலும் கேர்னல் தரும் பிழைக் குறி ஒன்றே, 'ஈ-டூ-பிக்'. நடுவில் இருக்கும் 2 வெறும் எண் அல்ல, 'டூ பிக்' என்ற சிலேடை. யூனிக்ஸ் எழுதியவர்களின் குறும்பு.

இந்த 2 மெகாபைட்டை மின்னஞ்சல் முகவரிகளால் நிரப்ப முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்னஞ்சலைக் கடத்தும் எஸ்எம்டிபி விதிப்படி ஒரு முகவரி கூடினால் 254 எழுத்து. இன்னொரு மெயில் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே கடிதத்துக்கு வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் பெறுநர் 1000 பேர். அத்தனை பேருடைய முகவரியும் உச்ச நீளத்தில் இருந்தாலும், முடிவைக் குறிக்கும் ஒரு பைட்டும் இடத்தைக் காட்டும் சுட்டியின் 8 பைட்டும் சேர்த்து ஓர் ஆளுக்கு 263 பைட், மொத்தம் 263000. இடத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே கேர்னல் உண்மையிலேயே முறைப்பாடு செய்கிறது என்றால், முகவரியைத் தவிர வேறு ஏதோ கொமாண்ட் வரியில் ஏறியிருக்கிறது. அநேகமாகக் கடிதத்தின் உடல்.

அதிலும் எக்சிம் ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. 'மெசேஜ்-பொடி' என்ற மாறி வழக்கமாக உடலின் முதல் 500 பைட்டை மட்டும் காட்டும். வரி முறிவுகளை இடைவெளிகளாக மாற்றியும் விடும். உடலை உள்ளபடியே தமிழில் அனுப்பியிருந்தால், குறியீட்டுக்கு 3 பைட் வீதம், 500 என்பது 166 குறியீடும், 167 ஆவது குறியீட்டின் மூன்றில் இரண்டு பைட்டும். கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறியாகத் தெரிவதைக் கண்டு "யூனிகோட் சரியில்லை" என்று திட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். யூனிகோட் பாவம். சிலர் இந்த 500 ஐ லட்சங்களாக உயர்த்திவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் 128 கிலோபைட்டில் முட்டுவார்கள்.

சரி, என் கதைக்கு வருவோம். அங்கே உடல் எதுவும் ஏறவில்லை. விதியில் இருந்தது ஸ்கிரிப்டின் பெயர், ஒரு தெரிவு (ஒப்ஷன்), பிறகு பெறுநர்களைச் சொல்லும் 'டூ' தலைப்பின் உள்ளடக்கம். யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று ஒரு கோப்பில் பதிந்து வைப்பது மட்டும்தான் அந்த ஸ்கிரிப்டின் வேலை. எழுதியது வேறு யாருமில்லை, நானேதான், சில வருடங்களுக்கு முன்.

கேர்னல் மறிக்கவில்லை என்பதை எப்படி உறுதி செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு நிரல் கேர்னலிடம் கேட்பதைக் காட்டும் 'எஸ்ட்ரேஸ்' கருவியை எக்சிம் செயல்முறையின் மேல் ஏற்றி, பிள்ளைச் செயல்முறைகளையும் பின்தொடரச் சொல்லி, எக்ஸெக்-விஇ அழைப்பை மட்டும் காட்டும்படி விட்டேன். பொடியனிடம் "இப்ப அனுப்பு" என்றேன். கேர்னல் மறித்திருந்தால் திரையில் எக்ஸெக்-விஇ என்று ஒரு வரி வரும், அதன் முடிவில் மைனஸ் ஒன்றும் ஈ-டூ-பிக்கும் நிற்கும். வந்தது என்ன? ஒன்றுமே இல்லை. "அனுப்பிற்றன் அண்ணை, அதே பிழைதான்" என்கிறான். என் திரை வெறுமையாக இருக்கிறது. கேர்னலிடம் யாரும் போய்க் கேட்கவே இல்லை. அதற்கு முன்பே எக்சிம் தானாகக் கையை விரித்துவிட்டது.

எக்சிம் ஒரு கொமாண்டை ஓட்டுவதற்கு முன் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு பட்டியலில் அடுக்கும். அந்தப் பட்டியலின் கொள்ளளவு, அப்போது கையில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையோடு 60 ஐக் கூட்டினால் வருவது. விநியோகத்தின்போது முகவரிகள் கையில் இருக்கும். விதிகளுக்குள் 'ரன்' என்று எழுதி அழைக்கும்போது கையில் முகவரி என்று எதுவும் இல்லை. ஆக வெறும் 60.

துண்டுகள் எங்கிருந்து வந்தன? பழைய எக்சிம் பதிப்புகளில் 'ரன்' முதலில் மாறிகளை விரித்து, அதாவது அவற்றின் இடத்தில் உண்மையான மதிப்பைப் போட்டு, விரிந்து வந்த நீண்ட வரியை இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும். சங்கத்து முகவரிப் புத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் தலையெழுத்து, பெயர், கோண அடைப்புக்குள் முகவரி. ஓர் ஆளுக்கு மூன்று துண்டு. 19 பேருக்கு 57, ஸ்கிரிப்டின் பெயரும் தெரிவும் சேர்ந்து 59. மயிரிழையில் ஏறிக்கொண்டிருந்தது. இருபதாவது ஆள் வந்ததும் 62. பொடியன் சொன்ன "நேற்றுப் போனது, இண்டைக்குப் போகுதில்லை" என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் இல்லை.

இதில் ஆளைக் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. அதே எக்சிமில், கடிதத்தை வெளி நிரலுக்கு விநியோகிக்கும் 'பைப்' டிரான்ஸ்போர்ட்டில் இதே வரியை எழுதினால் பிழை வராது. அங்கே வெட்டுவது முதலில், விரிப்பது பிறகு. 'டூ' தலைப்பு எத்தனை இடைவெளியோடு வந்தாலும் ஒரே ஆர்கியுமென்ட்டாகவே நிற்கும். புதிய பதிப்புகளில் 'ரன்'னும் இந்த ஒழுங்குக்கு மாறிவிட்டது. ஆகவே "எனக்கு வேலை செய்கிறதே" என்று ஒருவரும் "எனக்கு இல்லையே" என்று இன்னொருவரும் அடித்துக்கொண்டால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பதிப்பைக் கேட்பது நல்லது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. 'திருகோணமலை' என்பதைக் கண்ணால் எண்ணினால் ஆறு எழுத்து. யூனிகோட்டில் பத்துக் குறியீடு. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 30 பைட். மின்னஞ்சல் தலைப்பில் போவதற்காக பேஸ்-64 ஆக மாற்றினால் 40 எழுத்து. மற்ற முறையில், பைட்டுக்குப் பைட் சமக்குறி போட்டு எழுதினால் 90. அதுமட்டுமல்ல, இப்படி மாற்றிய சொல் ஒவ்வொன்றும் 75 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. முன்னும் பின்னும் உள்ள அடையாளங்களுக்கு 12 போனால், உள்ளே முழுசாக அடங்குவது 15 தமிழ்க் குறியீடுதான். அதற்கு மேல் போனால் இடைவெளி விட்டு அடுத்த துண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மும்மொழியிலும் ஒரே தலைப்பில் பொருள் எழுதும் வழக்கம் எங்கள் ஊரில் சாதாரணம். சிங்களத்துக்கும் குறியீட்டுக்கு 3 பைட்தான். மூல வடிவிலேயே அந்தத் தலைப்பை வெட்டினால் பத்துப் பன்னிரண்டு துண்டு சும்மா வரும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து "வேலை செய்கிறது" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனவர் இதைக் கண்டிருக்கவே மாட்டார்.

போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் இந்த 60 கிடையாது. அங்கே வேறு ஒரு பொறி. '.ஃபோர்வர்ட்' கோப்பிலோ மாற்றுப் பெயர்ப் பட்டியலிலோ | போட்டு ஒரு கொமாண்டை எழுதினால், அதில் ஷெல்லுக்கு (கொமாண்ட் வரியை வாசித்து ஓட்டும் நிரலுக்கு) உரிய குறிகள் எதுவும் இல்லாதவரை போஸ்ட்ஃபிக்ஸ் அதை நேராக ஓட்டும். ஒரு மேற்கோளோ நட்சத்திரமோ நுழைந்தால் முழு வரியையும் ஷெல்லிடம் ஒப்படைத்துவிடும். ஷெல்லுக்குப் போகும்போது கொமாண்ட் முழுவதும் ஒரே ஆர்கியுமென்ட். அதுவரை 2 மெகாபைட் கணக்கில் இருந்தது, ஒரே குறியால் 128 கிலோபைட் கணக்குக்கு வந்துவிடுகிறது. கோப்பில் எழுதும் வரி அவ்வளவு நீளாது என்பதால் நடைமுறையில் இது அபூர்வம்தான். ஆனால் இடையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை வைத்து, கடிதம் முழுவதையும் ஒரு மாறியில் பிடித்து, அதை இன்னொரு நிரலுக்கு ஆர்கியுமென்ட்டாகத் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். இணைப்போடு வரும் கடிதம் ஒன்று போதும், அங்கே பாஷ் என்ற ஷெல் 126 என்ற முடிவு எண்ணோடு விழும். மெயில் சேர்வர்கள் 75 போன்ற சில எண்களைக் கண்டால்தான் கடிதத்தை வரிசையில் வைத்து மறுபடி முயலும். 126 க்கு அந்தச் சலுகை இல்லை. கடிதம் அனுப்பியவரிடமே திரும்பிப் போய்விடும்.

பெறுநர் எண்ணிக்கை விஷயத்தில் போஸ்ட்ஃபிக்ஸில் இன்னும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பயம் தருவது. அதன் பைப் சேவையில் 'ரெசிப்பியன்ட்' என்று எழுதும் இடத்தில் எத்தனை பெறுநரோ அத்தனை ஆர்கியுமென்ட் விரியும். ஒரு தடவைக்கு வழக்கமான உச்சம் 50. ஸ்கிரிப்ட் எழுதியவர் முதல் ஆர்கியுமென்ட்டை மட்டும் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிட்டால், முதல் ஆளுக்குக் கடிதம் போகும், மற்ற 49 பேருக்கும் போகாது. ஸ்கிரிப்ட் பூச்சியத்தோடு முடிந்ததால் லொக்கில் 50 பேருக்கும் 'சென்ட்' என்று பதிவாகும். வரம்பு மீறல் சத்தம் போட்டுக் கத்துகிற பிழை. நாலு பேர் தொலைபேசி எடுப்பார்கள். இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள், "எனக்கு அறிவித்தல் வரேல்ல" என்று கூட்டத்தில் சண்டை பிடிக்கும்வரை. ஸ்கிரிப்ட் ஓர் ஆளுக்குத்தான் என்றால் அந்த டிரான்ஸ்போர்ட்டின் பெறுநர் வரம்பை 1 என்று வைத்துவிட வேண்டும். எக்சிமில் பைப்புக்குத் தொகுதி அளவு, அதாவது ஒரு தடவைக்கு எடுக்கும் பெறுநர் எண்ணிக்கை, முதலிலிருந்தே 1. கூட்டினால்தான் இந்தச் சிக்கல் வரும்.

என் சேர்வரில் உடனடி மருந்து சின்னது. 'டூ' தலைப்பைச் சுற்றி எக்சிமின் 'கோட்' செயலியைப் போட்டால் எல்லாம் ஒரே மேற்கோளுக்குள் அடங்கி ஒரே துண்டாகிவிடும். பத்து நிமிடத்தில் பொடியனின் கடிதம் போய்விட்டது. ஆனால் அத்தோடு விட மனம் வரவில்லை. காரணம் 60 அல்ல. தலைப்பில் என்ன எழுதுவது என்பதைத் தீர்மானிப்பவர் வெளியிலிருந்து அனுப்புகிறவர். அவர் எழுதியதை இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி ஒரு கொமாண்டுக்குக் கொடுத்தால், சிறுகோட்டில் தொடங்கும் ஒரு பெயர் கொமாண்டின் தெரிவாகவே மாறிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் '-' இல் தொடங்கும் பெறுநர் முகவரிகளை வழக்கமாக ஏற்காமல் இருப்பதும், கொமாண்ட் வரியில் முகவரிக்கு முன்னால் '--' போடுங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். 2019 ஜூனில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட எக்சிம் ஓட்டையும் இந்த வம்சம்தான். 4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில் பெறுநர் முகவரிக்குள்ளேயே 'ரன்' விரிவாக்கத்தை எழுதி அனுப்பினால் சேர்வர் அதை விரித்து ஓட்டிவிட்டது, அதுவும் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு. வெட்டும் முறை வேறு, பாடம் ஒன்று. நான் எழுதிய விதி அவ்வளவு மோசமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளத்தான் முடியும்.

ஆகவே 'ரன்' வரியை முழுதாகத் தூக்கினேன். அதற்குப் பதில் 'அன்சீன்' என்ற குறியோடு ஒரு ரௌட்டர், அதாவது கடிதம் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்கும் எக்சிம் விதி. கடிதம் வழக்கம்போல் போகட்டும், ஒரு பிரதி மட்டும் இந்தப் பக்கம் வரட்டும் என்பது அதன் அர்த்தம். அந்தப் பிரதி பைப் டிரான்ஸ்போர்ட்டுக்குப் போகிறது. பைப், கடிதம் முழுவதையும் ஸ்கிரிப்டின் நிலையான உள்ளீட்டில் ஊற்றும். கொமாண்ட் வரியில் ஸ்கிரிப்டின் பெயரைத் தவிர எதுவும் இல்லை. உள்ளீட்டுக்கு 60 உம் இல்லை, 131072 உம் இல்லை. பாதையில் ஏற்ற முடியாததைப் பாலத்தால் அனுப்புகிற மாதிரி. பெறுநர் ஆளுக்கு ஒரு தடவை இந்தப் பைப் ஓடிவிடும் என்பதால் தொகுதி அளவைக் கூட்டிவிட்டேன். ஒரு கடிதத்துக்கு ஒரே பதிவு. இங்கே பெறுநரை ஆர்கியுமென்ட்டாகக் கேட்கவே இல்லை, ஆகவே மேலே சொன்ன பயம் இதற்கு இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பொடியன் மறுபடியும் எடுத்தான்.

"அண்ணை, கடிதம் எல்லாம் போகுது. ஆனா பதிவுக் கோப்பில தமிழே இல்லை, ஒரே சமக்குறியும் கேள்விக்குறியுமாக் கிடக்கு."

முன்பு எக்சிம் தலைப்பை விடுவித்துத் தமிழாகத் தந்தது. இப்போது ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது கடிதத்தின் மூல வடிவம், பேஸ்-64 துண்டுகளோடு. பைத்தனின் மின்னஞ்சல் தொகுதிக்குப் புதிய வகைக் 'பொலிசி'யைச் சொல்லி வாசிக்க விட்டால் அதுவே விடுவித்துத் தரும்; நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். ஒரு வரி மாற்றம். மாற்றிவிட்டுக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"ஓம், இப்ப பேரெல்லாம் வருது" என்றான். "21 பேர்."

இடையில் இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார்.